சனிக்கிழமை எதற்குப் பங்குச்சந்தையைத் திறந்தார்கள்?

2024 மார்ச் 2, சனிக்கிழமை. பங்குச்சந்தைக்கு விடுமுறை. ஆனால் அன்று காலை 9.15க்கு தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ வணிகத்தைத் தொடங்கி 10 மணிக்கு முடித்தது. பிறகு 11.30க்கு மறுபடி தொடங்கி 12.30க்கு முடித்தது. எந்தப் பங்கும் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று கட்டுப்பாடு வேறு. என் சித்தப்பா, ரிட்டயர் ஆனபிறகு பங்குச்சந்தையையே உத்தியோகமாக எடுத்துக்கொண்டவர், போன் செய்தார்.

"ஏன்டா, நீ அந்த டெஸ்டிங் வேலைதானே பாக்குற? இன்னிக்கு என்னமோ டெஸ்ட் பண்றாங்களாமே. எவ்ளோ கூட்டம் வந்தாலும் தாங்குதான்னு பாக்குறாங்களா?"

"இல்ல சித்தப்பா. கூட்டம் தாங்குதான்னு பாக்க சனிக்கிழமை ஒரு மணி நேரம் எதுக்கு? காலைல நீங்க வாங்கினது மும்பைல இருக்கிற சர்வர்ல. பதினொன்றரைக்கு வாங்கப்போறது சென்னைல இருக்கிற சர்வர்ல. மும்பை செத்துப்போச்சுன்னு வச்சுக்கிட்டு, சந்தை நடக்குதான்னு பாக்குறாங்க."

"அட, நம்ம ஊர்லயா?" என்றவர் அதன்பிறகு நான் சொன்ன எதையும் கேட்கவில்லை.

சித்தப்பா கேட்டது அப்பாவித்தனமான கேள்வி. ஆனால் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பல வருடம் குப்பை கொட்டியவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஸ்ட்ரெஸ் டெஸ்டிங், ரெக்கவரி டெஸ்டிங் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்டர்வியூவில் கேட்டால் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதலாவது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிப் பார்ப்பது, இரண்டாவது விழுந்தபின் எழுகிறதா என்று பார்ப்பது. சரியான பதில். ஆனால் புராஜெக்ட்டுக்குள் வந்தால், முதலாவதை ஒப்புக்குச் செய்துவிட்டு இரண்டாவதும் அதிலேயே முடிந்துவிட்டதாக டிக் போடுவார்கள். "லோடைக் குறைச்சதும் சர்வர் நார்மலுக்கு வந்துடுச்சே, அதான் ரெக்கவரி" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம்.

இரண்டும் தனித்தனி என்பது புதிய கண்டுபிடிப்பில்லை. கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979இல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' புத்தகத்திலேயே இரண்டுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. கம்ப்யூட்டர் ஒரு அறை நிறைய இருந்த காலத்து ஆட்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது நமக்கு மங்கிப்போனதற்குக் காரணம் கருவிகள் என்று நினைக்கிறேன். ஜேமீட்டர் என்ற சுமைக் கருவியைத் திறந்து ஆயிரம் போலி பயனர்களை ஏவிவிட்டால் அழகான கிராஃப் வருகிறது. மேனேஜருக்கு அனுப்பலாம். மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தால் கிராஃப் வராது, திட்டுதான் வரும்.

முதலில் ஸ்ட்ரெஸ் பக்கம். தட்கல் தெரியாத தமிழர் இருக்க முடியாது. ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. இப்படி இரண்டாகப் பிரித்தது 2015இல். மென்பொருளைத் தொடாமல், வரும் கூட்டத்தையே இரு பிரிவாக்கிச் சுமையைக் குறைக்கும் ஏற்பாடு அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐஆர்சிடிசியின் புதிய டிக்கெட் அமைப்பு வந்திருந்தது. பழையது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட், புதியது 7,200 டிக்கெட் என்ற கணக்கில் வடிவமைத்தார்கள். இந்த 7,200 என்ற எண்ணுக்கு அது ஈடுகொடுக்கிறதா என்று பார்த்தால் அது லோடு டெஸ்ட். நிமிடத்துக்கு 10,000, 15,000, 20,000 என்று ஏற்றிக்கொண்டே போய் எந்த இடத்தில், எப்படி ஒடிகிறது என்று பார்த்தால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்.

'எந்த இடத்தில்' என்பதைவிட 'எப்படி' என்பதுதான் முக்கியம். கொள்ளளவைத் தாண்டியபிறகு வருகிறவர்களிடம் "இப்போது முடியாது, சற்றுக் கழித்து வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு ஒழுங்காக டிக்கெட் போட்டுத் தருகிற அமைப்பு நல்ல அமைப்பு. எல்லோரையும் உள்ளே விட்டு, ஒருவருக்கும் டிக்கெட் தராமல், பணத்தை மட்டும் கழித்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பது மோசமான அமைப்பு. இரண்டும் ஒரே எண்ணில் ஒடிந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் அந்த எண் மட்டும் இருந்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சுமையை ஏற்றுவது மட்டும்தான் ஸ்ட்ரெஸ் என்றும் நினைக்க வேண்டாம். பயனர் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு மெமரியைப் பாதியாக்குவதும், டிஸ்க்கை நிரப்பி வைப்பதும், டேட்டாபேஸ் இணைப்புகளைக் குறைப்பதும் ஸ்ட்ரெஸ்தான்.

இன்னொரு விஷயம், கணக்கு தொடர்பானது. சர்வர் 50 சதவீதம் பிசி என்றால் பாதி மிச்சம் இருக்கிறது, இன்னும் ஒரு மடங்கு கூட்டம் வரலாம் என்று எண்ணத் தோன்றும். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில் போட்டுப் பாருங்கள். 50 சதவீதத்தில் ஒரு வேலை முடிய எடுக்கும் மொத்த நேரம், காத்திருப்பே இல்லாதபோது ஆகும் நேரத்தைப்போல 2 மடங்கு. 80 சதவீதத்தில் 5 மடங்கு. 90இல் 10 மடங்கு. 95இல் 20 மடங்கு. கடைசிப் பத்து சதவீதத்தில்தான் எல்லாக் கூத்தும் நடக்கும். 80 சதவீதம் வரை ஏற்றிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் போகிறது" என்று நிறுத்துகிறவர்கள் பாதிப் படத்தில் எழுந்து வந்தவர்கள்.

ஸ்ட்ரெஸ் பற்றி இவ்வளவு போதும். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ரெக்கவரிக்குத்தான் ஆள் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின்னால் ஒரு புதன்கிழமை இருக்கிறது. 2021 பிப்ரவரி 24. மறுநாள் மாதாந்திர எஃப் அண்ட் ஓ ஒப்பந்தங்கள் முடியும் நாள் (எக்ஸ்பைரி). காலையில் நிஃப்டி எண்கள் திரையில் நகராமல் நின்றன. 11.40 வாக்கில் என்எஸ்இ வணிகத்தையே நிறுத்தியது. இன்னொரு சந்தையான பிஎஸ்இ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சந்தை மூடும் நேரம் 3.30. அது நெருங்கியும் என்எஸ்இ எப்போது திறக்கும் என்று தெரியாததால், அன்றைக்கே முடிக்க வேண்டிய கணக்குகளைத் தரகர்கள் பிஎஸ்இயில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டார்கள். பிறகு 3.45க்குத் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். மதியமே கணக்கு முடிக்கப்பட்டவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

ஏன் நின்றது? கூட்டத்தால் இல்லை. என்எஸ்இ பின்னர் தந்த விளக்கத்தின்படி, இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து வாங்கியிருந்த இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வழியில் சாலை தோண்டும் வேலையும் கட்டுமான வேலையும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு நிறுவனம். இரண்டும் போய்விட்டன. அதுகூடப் பரவாயில்லை, இணைப்பு போனாலும் முதன்மைத் தளம் தன்பாட்டில் ஓட வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் அங்கிருந்த ஸ்டோரேஜ் அமைப்பு எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. ரிஸ்க் மேனேஜ்மென்ட் அமைப்பு முடங்கியது. அது இல்லாமல் சந்தையை நடத்த முடியாது.

இங்கே நின்று யோசித்துப் பாருங்கள். இதே அமைப்பின்மீது எவ்வளவு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்திருந்தாலும் இந்தப் பிழை அகப்பட்டிருக்காது. நொடிக்கு எத்தனை லட்சம் ஆர்டர் அனுப்பினாலும் கேபிள் அறுபடாது. கேபிளை அறுத்துப் பார்த்தால்தான் ஸ்டோரேஜ் என்ன செய்யும் என்று தெரியும். அதுவும் இரண்டு கேபிளையும் அறுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் அறுத்துவிட்டு, மற்றொன்று பார்த்துக்கொண்டது என்று திருப்தியோடு வீட்டுக்குப் போவதுதான் பொதுவான வழக்கம்.

சென்னையில் மாற்றுத் தளம் இருந்தது. அன்று அதற்கு மாறவில்லை. மும்பையிலேயே சரிசெய்துதான் திறந்தார்கள். இதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மாற்றுத் தளத்துக்குப் போவது ஒரு பட்டனை அழுத்தும் வேலை இல்லை. "இன்னும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்" என்று பொறியாளர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அவர்கள் பொய்யும் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நம்புவதா, உண்மையான கூட்டத்தோடு ஓட்டிப் பழகாத தளத்துக்குக் குதிப்பதா? இப்படி ஒரு கேள்வி வந்தால் பெரும்பாலான மனிதர்கள் பத்து நிமிடத்தைத்தான் நம்புவார்கள். பத்து நிமிடம் நான்கு மணி நேரமாகும்.

பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அதற்கு அடுத்த மாதமே விதியை இறுக்கியது. சம்பவம் நடந்த 30 நிமிடத்துக்குள் இது பேரிடரா என்று அறிவித்தாக வேண்டும். அறிவித்ததிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்றுத் தளத்திலிருந்து வேலை தொடங்க வேண்டும். இழக்கக்கூடிய தரவு அதிகபட்சம் 15 நிமிட அளவு. முதல் 30 நிமிடத்துக்கான விதியை எழுதியவருக்கு எங்கள் தொழில் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பேன். மெஷின் மாறும் நேரத்தை எல்லோரும் அளப்பார்கள். மனிதர்கள் தயங்கும் நேரத்தை யாரும் அளப்பதில்லை.

இந்த 45 நிமிடத்துக்கு ஆர்டிஓ என்றும், 15 நிமிடத்துக்கு ஆர்பிஓ என்றும் பெயர். எவ்வளவு நேரத்தில் எழுந்திருப்பாய், எழும்போது எவ்வளவு மறந்திருப்பாய். ரெக்கவரி டெஸ்டில் அளக்க வேண்டியவை இவை இரண்டும்தான். ஸ்ட்ரெஸ் டெஸ்டில் இவை இரண்டுமே கிடையாது. அங்கே நொடிக்கு எத்தனை, பதில் வர எவ்வளவு நேரம், எத்தனை பிழை என்று வேறு அளவுகோல்கள். ஒன்றின் ரிப்போர்ட்டை இன்னொன்றுக்குப் பதிலாகக் காட்ட முடியாது என்பதற்கு இதைவிட எளிய ஆதாரம் வேண்டுமா?

மறதி என்றதும், புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப்பின் கதை ஞாபகம் வருகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் குறைந்தது ஒருமுறையாவது அவர்களே எழுதிய அறிக்கையைப் படிக்க வேண்டும். 2017 ஜனவரி 31. ஸ்பாம் கணக்குகளாலும் வேறு சில காரணங்களாலும் டேட்டாபேஸில் சுமை ஏறியது. நகல் டேட்டாபேஸ் பின்தங்கிப்போய் ஒத்திசைவு நின்றது. நகலைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று ஒரு பொறியாளர் இரவு நேரத்தில் கட்டளையை அடித்தார். அடித்த இடம் நகல் இல்லை, அசல். ஓரிரு நொடியில் புரிந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபி அளவில் இருந்தது 4.5 ஜிபியாகிவிட்டது.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய கிளவுட் கிடங்கு காலி. போஸ்ட்கிரஸ் 9.6 டேட்டாபேஸை 9.2க்கான கருவி பேக்கப் எடுக்கப் பார்த்து ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோற்றால் மின்னஞ்சல் வருமே? மின்னஞ்சல் கிளம்பியிருக்கிறது. சரியான கையொப்பம் இல்லை என்று பெறும் பக்கம் அதை ஏற்கவில்லை. டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. நகல் டேட்டாபேஸோ, கதையே அதில்தானே தொடங்கியது. ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றுகூட நம்பகமாக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் ஏதோ சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். சுமார் 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் போயின. திரும்ப எழ ஏறக்குறைய 18 மணி நேரம். அந்த மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அந்தத் தைரியத்துக்கு ஒரு சல்யூட்.

இந்தக் கதையில் சுமை வந்தபோது கிட்லாப் தடுமாறியது, விழவில்லை. தளம் விழுந்தது ஒரு கட்டளையால். 18 மணி நேரம் ஆனதில், பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லாததற்கும் பங்கு உண்டு. பேக்கப் எடுப்பதை டெஸ்ட் செய்வது வேறு, பேக்கப்பிலிருந்து எழுவதை டெஸ்ட் செய்வது வேறு. இரண்டாவதை மாதம் ஒருமுறை செய்திருந்தால் காலிக் கிடங்கு முதல் மாதமே கண்ணில் பட்டிருக்கும்.

ரெக்கவரி என்றால் சர்வர் திரும்ப ஓடுவது மட்டும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. யுபிஐயில் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது. அந்தக் கணத்தில் நடுவில் எங்கோ ஒரு சர்வர் போய்விடுகிறது. 30 நொடியில் திரும்ப வந்துவிட்டது, மானிட்டரில் எல்லாம் பச்சை. உங்கள் பணம் எங்கே? இப்படிப் பாதியில் நின்ற பரிமாற்றங்களைத் தேடிப் பிடித்து முடிப்பதோ திருப்புவதோதான் உண்மையான ரெக்கவரி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, போய்ச் சேராத யுபிஐ பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே ரெக்கவரி டெஸ்ட் எழுதும்போது 'சர்வரைக் கொல்' என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். பணம் கழிந்தபின், சேர்வதற்கு முன் கொல். சேர்ந்தபின், 'சேர்ந்தது' என்ற பதில் திரும்புவதற்கு முன் கொல். இந்த இரண்டாவது இடம் பொல்லாதது. பதில் வராததால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார், அது இரண்டு முறை போய்ச் சேரக் கூடாது.

இதுவரை இரண்டையும் பிரித்துப் பிரித்துப் பேசினேன். ஆனால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இரண்டும் ஒன்றையொன்று தொடும் ஓர் இடம். பெரிய விபத்துகளில் கணிசமானவை அங்கேதான் நடக்கின்றன.

கோடையில் மின்வெட்டு முடிந்து கரண்ட் வருகிறது. தெருவில் இருக்கிற எல்லா வீட்டிலும் ஏசி, மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. டிரான்ஸ்ஃபார்மரில் படாரென்று சத்தம், மறுபடி இருட்டு. கரண்ட் போவதற்கு முன்பு இதே வீடுகளைத்தான் அதே டிரான்ஸ்ஃபார்மர் தாங்கிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருப்பதைத் தாங்க ஒரு பலம் போதும், நின்றதை மறுபடி எழுப்ப அதைவிடக் கூடுதல் பலம் வேண்டும்.

ஃபேஸ்புக் 2010 செப்டம்பர் 23 அன்று இரண்டரை மணி நேரம் படுத்தது இப்படித்தான். ஒரு கான்ஃபிகரேஷன் மதிப்பைத் தவறாக மாற்றிவிட்டார்கள். தவறான மதிப்பைக் கண்டால் தானாகவே டேட்டாபேஸில் போய்ச் சரியானதை எடுத்து வரும் பொறிமுறை ஒன்று அவர்களிடம் இருந்தது. பார்த்தால் அருமையான ரெக்கவரி ஏற்பாடு! ஆனால் எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் சரிசெய்யக் கிளம்பின. நொடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள் டேட்டாபேஸைத் தாக்கின. டேட்டாபேஸ் திணறிப் பிழை சொன்னது. பிழை வந்தால் அதையும் 'தவறான மதிப்பு' என்று எடுத்துக்கொண்டு, கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருந்ததை அழித்துவிட்டு மறுபடி கேட்டன. மூல மதிப்பைத் திருத்தியபிறகும் சுழல் நிற்கவில்லை. தளத்தையே அணைத்து, டேட்டாபேஸை மூச்சுவிட வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை உள்ளே விட்டார்கள்.

மூலக் காரணம் போனபிறகும் போகாத நோய். ஆராய்ச்சியாளர்கள் இந்த வகைக்கு 'மெட்டாஸ்டேபிள் ஃபெயிலியர்' என்று பெயர் வைத்து 2021இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். "லோடைக் குறைத்தால் தானாக வந்துவிடும்" என்ற நம்பிக்கை உடைவது இங்கேதான். நம்முடைய ஸ்ட்ரெஸ் டெஸ்டில் போலி பயனர்கள் நல்ல பிள்ளைகள், போ என்றால் போய்விடுவார்கள். நிஜ மனிதர்கள் ரெஃப்ரெஷ் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். நிஜ ஆப்களில் 'தோற்றால் மூன்று முறை முயற்சி செய்' என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு லட்சம் கேள்வி மூன்று லட்சமாகும். அதனால்தான் மறுமுயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவார்கள். எல்லோரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி அந்த நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்தும் விடுவார்கள். உங்கள் ஆப்பில் இது இருக்கிறதா என்று டெவலப்பரிடம் கேளுங்கள். "இருக்கும்" என்பார். காட்டச் சொல்லுங்கள்.

அதே ஃபேஸ்புக் 2021 அக்டோபர் 4 அன்று ஆறு மணி நேரத்துக்கும் மேல் உலகம் முழுக்க மறைந்தது நினைவிருக்கும், வாட்ஸ்ஆப்பும் சேர்ந்து போனதே. டேட்டா சென்டர்களை இணைக்கும் பாதையில் எவ்வளவு திறன் மிச்சம் என்று பார்க்கக் கொடுத்த ஒரு கட்டளை, பாதையையே துண்டித்துவிட்டது. ஆட்களை நேரில் அனுப்பிச் சரிசெய்தபிறகும் உடனே சுவிட்சைப் போடவில்லை. மின்நுகர்வு பத்துக்கணக்கான மெகாவாட் அளவில் சரிந்திருந்தது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் மின் அமைப்பே ஆட்டம் காணும் என்று பயந்தார்கள். பெரிய பகுதிகளை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்கும் பயிற்சிகள் அவர்களுக்கு வழக்கம். ஆகவே திரும்ப எழும்போது சுமையை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது என்று கைப்பழக்கம் இருந்தது. மொத்தப் பாதையும் போவதுபோல் மட்டும் பயிற்சி செய்திருக்கவில்லை.

அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3யின் கதை இன்னொரு வகை. 2017 பிப்ரவரி 28. பில்லிங் தொடர்பான ஒரு கோளாறைப் பார்க்கச் சில சர்வர்களை எடுக்கப்போய், கட்டளையில் எழுத்துப்பிழையால் நிறைய சர்வர்களை எடுத்துவிட்டார்கள். முக்கியமான துணை அமைப்புகளை முழுவதுமாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டிவந்தது. பெரிய பகுதிகளில் அவற்றைப் பல வருடங்களாக முழுதாக ரீஸ்டார்ட் செய்ததே இல்லை. இடைப்பட்ட காலத்தில் எஸ்3 பல மடங்கு வளர்ந்திருந்தது, ரீஸ்டார்ட்டுக்கு எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது. மொத்தம் நான்கு மணி நேரத்துக்கும் மேல். 'எல்லாம் சரியாக இருக்கிறதா' என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் பக்கமும் எஸ்3யை நம்பியே இருந்ததால், வெகுநேரம் அதை மாற்ற முடியவில்லை. நான்கு வருடம் நிற்காமல் ஓடுகிற சர்வரைக் காட்டிப் பெருமைப்படும் ஆட்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. எனக்கு அந்த சர்வரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அதை எழுப்பத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயே மூன்று வருடம் ஆகியிருக்கும்.

இதற்கு நேரெதிர் குணம் நெட்ஃபிளிக்ஸ். 2008இல் டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்தவர்கள், கிளவுடுக்கு மாறும்போது கேயாஸ் மங்கி என்ற ஒன்றை எழுதி, நிஜ சர்வர்களைக் கண்டபடி கொல்ல விட்டார்கள். அதுவும் அலுவலக நேரத்தில். இரவு மூன்று மணிக்கு விழுவதைவிட, எல்லோரும் விழித்திருக்கும் பகலில் விழட்டும் என்ற கணக்கு. நிஜப் பயனர்களின் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே கொல்வதால், நான் சொன்ன அந்த இரண்டும் தொடும் இடம் தினமும் சோதிக்கப்படுகிறது.

நம் ஊர் அலுவலகங்களில் டிஆர் டிரில், அதாவது மாற்றுத் தளத்துக்கு மாறிப் பார்க்கும் ஒத்திகை, எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று வாரம் முன்பே மெயில் வரும். சனிக்கிழமை இரவு 11 மணி. டேட்டாபேஸைக் கவனிக்கும் சீனியர் டிபிஏ நேரில் இருப்பார், நெட்வொர்க் டீம் கான்ஃபரன்ஸ் காலில் இருக்கும். முந்தைய நாளே டிஆர் தளத்தில் டிஸ்க் இருக்கிறதா, பாஸ்வேர்டு காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். மாற்றுவார்கள். ஒரு ஆள் லாகின் செய்து ஒரு பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். திரும்ப மாற்றிவிடுவார்கள். ஞாயிறு காலை பிரியாணிக்கு முன் ரிப்போர்ட் போய்விடும்: வெற்றி. ஒரே ஒரு பயனர் ஓடிய தளம் திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எல்லாம் முதன்மைத் தளத்தில் மட்டும்தான் நடந்திருக்கும். டிஆர் தளத்தில் பட்ஜெட் காரணமாகப் பாதி மெமரிதான் போட்டிருப்பார்கள். கேஷ் முழுக்கக் காலியாக இருக்கும்.

எனக்கு வாய்ப்புக் கிடைக்கும் இடங்களில் மூன்று மாற்றங்கள் கேட்பேன், ஒன்று கிடைத்தாலே பெரிது. டிரில்லை சீனியர் டிபிஏ செய்யக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவரிடம் ஆவணத்தைக் கொடுத்து அவர் செய்ய வேண்டும், சீனியர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆவணத்தில் விட்டுப்போன படிகள் எல்லாம் அரைமணி நேரத்தில் வெளிவந்துவிடும். அடுத்தது, மாறியபின் டிஆர் தளத்தின்மீது உச்ச நேரச் சுமையை ஏவ வேண்டும், அதுவும் காலியான கேஷோடு. கடைசியாக, திரும்பி வருவதற்கு முன் டேட்டாவை ஒப்பிட வேண்டும். கடைசியாக அங்கே எழுதிய பரிமாற்றம் இங்கே இருக்கிறதா, பாதியில் நின்றவை என்னவாயின. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும், ஏனென்றால் இதில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தப்பிக்க முடியாது.

இப்போதெல்லாம் இன்டர்வியூ எடுக்கும்போது வித்தியாசம் என்ன என்று நான் கேட்பதில்லை. வேறு மாதிரி கேட்கிறேன்: "ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடிந்து லோடை நிறுத்திவிட்டீர்கள். பத்து நிமிடம் ஆகியும் சிபியு 100 சதவீதத்திலேயே நிற்கிறது. என்ன செய்வீர்கள்?" முக்கால்வாசிப் பேர் ரீஸ்டார்ட் செய்வேன் என்பார்கள். கொஞ்சம் பேர் இன்னும் சிறிது நேரம் காத்திருப்பேன் என்பார்கள். சமீபத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் உடனே பதில் சொல்லவில்லை. "சார், லோடை நிறுத்திட்டேன்னு யார் சொன்னா? நான் என் பக்கம்தானே நிறுத்தினேன். உள்ள க்யூவுல எவ்ளோ நிக்குது, ரீட்ரை எவ்ளோ ஓடுதுன்னு மொதல்ல பாக்கணும். ரீஸ்டார்ட் பண்ணா அந்தத் தடயம் போயிடும்ல?" என்றார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எச்ஆரை உள்ளே கூப்பிட்டேன்.